ஒத்திகை வலி

"பிரசவ அறைக்குள்ள ஒருத்தருக்குத்தான் இடம். அக்காவா, வீட்டுக்காரரா? இன்னைக்கு முடிவு பண்ணிடலாம்" என்றார் நர்ஸ்.

வீட்டுக்காரன் சட்டென்று நிமிர்ந்து உட்கார்ந்தான். பிள்ளை பிறக்கும் நேரத்தில் தகப்பன் வெளியே பெஞ்சில் உட்கார்ந்து நகம் கடிப்பதா?

மாற்றுத்திறனாளிப் பெண்களுக்கான பிரசவ வகுப்பு அது. சக்கர நாற்காலியில் ஒரு கர்ப்பிணி, ஊன்றுகோலோடு இன்னொருத்தி. அவன் மனைவியோ விறுவிறுவென்று நடந்து வந்து முதல் பாயைப் பிடித்துவிட்டாள். இவளுக்கு எதற்கு வகுப்பு என்று அலுத்துக்கொண்டே பாதி நாள் மட்டம் போட்டவன் அவன்.

"பயமா இருக்கா?" என்று கேட்டாள் மனைவி.

"எனக்கா? சினிமாவுல எத்தனை பிரசவம் பார்த்திருக்கேன்!"

"போன மாசம் எனக்கு ஊசி போட்டதுக்கு நீங்க மயங்கி விழுந்தீங்க."

"அன்னைக்கு நான் காலையில சாப்பிடலை."

வகுப்பில் யார் பேசினாலும் முறைக்கிற நர்ஸ், இந்த இருவரின் அரட்டையை மட்டும் கண்டுகொள்ளவில்லை.

"ஒரு வலி, ஒரு நிமிஷம். நீங்க என்ன பண்றீங்கன்னு பார்க்கலாம்" என்று நர்ஸ் விரலை உயர்த்தினார்.

மனைவி முகத்தைச் சுளித்தாள். அவன் பாய்ந்து போய் அவளுடைய இரண்டு கைகளையும் கெட்டியாகப் பிடித்துக்கொண்டான்.

"நான் இருக்கேன்மா! தைரியமா இரு! என்ன வேணும், சொல்லு!" என்று கட்டடமே அதிரக் கத்தினான்.

அவள் கைகளை இழுத்தாள். வலி என்றால் இழுக்கத்தானே செய்வாள்? இன்னும் இறுக்கினான். அவள் திமிறினாள், தலையை ஆட்டினாள், காலால் பாயை உதைத்தாள். என்ன நடிப்பு! அவனுக்குப் பெருமை தாங்கவில்லை. அந்த ஒரு நிமிடத்தை நினைத்தால் இன்றைக்கும் தலையில் அடித்துக்கொள்வான் என்பது வேறு விஷயம்.

மனைவியின் அக்கா பதறி எழுந்தாள். 'தோற்றுப்போன வயிற்றெரிச்சல்' என்று முடிவு கட்டினான்.

"நேரம் முடிஞ்சுது" என்றார் நர்ஸ். "அவங்களுக்கு என்ன வேணும்னு கேட்டீங்களா?"

"கேட்காம இருப்பேனா சிஸ்டர்? ஒரு வார்த்தை சொல்லலையே. நான் பக்கத்துல இருந்ததே போதும்னு இருந்திருக்கும்."

சக்கர நாற்காலிக்காரி குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள்.

"நீங்க மட்டம் போட்ட அன்னைக்கு நடத்தின பாடமே இதுதான்" என்றார் நர்ஸ். "கையை விட்டுட்டு, இப்போ கேளுங்க."

விட்டான். பிறந்ததிலிருந்தே காது கேட்காத, அந்த இரண்டு கைகளால் மட்டுமே பேசத் தெரிந்த அவன் மனைவி, விரல்களால் படபடவென்று கொட்டித் தீர்த்தாள்: "கெண்டைக்கால் பிடிச்சு உயிர் போகுது, நீவி விடுங்கன்னு சொல்ல வந்தா, என் வாயைப் பொத்திட்டு என்ன வேணும்னு கேட்கறீங்களே! அக்காவே வரட்டும்!"