ஒற்றை ஓட்டைச் சில்லு

"ஒரு ஓட்டை! ஒரேயொரு ஓட்டை! இதுக்கா மூதூரில இருந்து கடலால லோஞ்சேறி வந்தனாங்க?"

ஹிஸ்புல்லா போட்ட சத்தம் பாலையூற்றுச் சந்திவரைக்கும் கேட்டிருக்கும். கையிலிருந்த இரும்புச் சில்லைப் பட்டறை வாசலில் தொப்பென்று போட்டார்.

"போன கிழமை கொண்டுபோய்ப் பூட்டினம். ஏறவும் மாட்டுது, இறங்கவும் மாட்டுது!" என்றார் கூடவே வந்த அவருடைய தம்பி கலீலுர் றஹ்மான்.

குசினி யன்னலால் பார்த்துக்கொண்டிருந்த மாகிரட்டை வெட்கம் பிடுங்கித் தின்றது. அவளுடைய புருசன் பேணாட் செய்து கொடுத்த சில்லு அது.

வந்தவர்கள் சொன்னதில் பிழையே இல்லை. கையால் பிடித்துக்கொண்டு பின்னால் நடக்கிற சின்ன உழவு மெசினில், கலப்பை எவ்வளவு ஆழம் இறங்கலாம் என்று பார்த்துக்கொள்வது இந்தச் சில்லுதான். சில்லின் காலில் மேலிருந்து கீழாக வரிசையாய் ஓட்டைகள் இருக்கும். சில்லை உயர்த்தி ஆணியைச் செருகினால் கலப்பை ஆழ இறங்கும். பதித்துச் செருகினால் மேலாகக் கீறும். பட்டறைக்காரனைக் கட்டியவளுக்கு இதெல்லாம் தெரியாமல் இருக்குமா?

"எனக்குப் பள்ளக்காணி, களிமண். ஆழ உழவேணும்," என்றார் ஹிஸ்புல்லா.

"எனக்கு மேட்டுக்காணி, மணல். மேலால கீறினாக் காணும்," என்றார் தம்பி.

"நீ நடுவில ஒரு ஓட்டையைப் போட்டு எங்க ரெண்டு பேரையும் பேயனாக்கிப் போட்டாய்!" என்று பேணாட்டின் பக்கம் கையை நீட்டினார் ஹிஸ்புல்லா.

கடைசியில் பேணாட் அண்ணன்காரரைப் பார்த்து வாய் திறந்தார். "ஓட்டை போடுற அலகு முறிஞ்சு போச்சு காக்கா. கொழும்பில இருந்து வரவேணும். சாமான் தட்டுப்பாடு உங்களுக்குத் தெரியும்தானே."

மாகிரட்டுக்குத் தூக்கிவாரிப் போட்டது. பச்சைப் பொய்! காலையில்தான் அதே அலகால் குச்சவெளி ஆளொருவரின் கலப்பைக்கு ஓட்டை போட்டு அனுப்பினார். ஞாயிறு தவறாமல் பூசைக்குப் போய் முதல் வரிசை வாங்கில் இருக்கிற மனுசன்!

"நடு ஆழத்தில உழுதாலும் ரெண்டு காணியும் விளையும் காக்கா, பயப்பிடாதேங்கோ."

"விளையும் விளையும், உன்ட தலை! இந்த ஜும்மாவுக்கு மூதூர் முழுக்கச் சொல்லுறன் பார், பேணாட்டின்ட பட்டறைப் பக்கம் ஒருத்தரும் தலைவைச்சும் படுக்கக்கூடாதெண்டு!"

"கிண்ணியாவுக்கு நான் சொல்லுறன் காக்கா," என்று தம்பி வேலையைப் பங்கு போட்டுக்கொண்டார்.

இருவரும் ஆளுக்கொரு பக்கம் சில்லைப் பிடித்துத் தூக்கிக்கொண்டு, பேணாட்டை மாறிமாறித் திட்டியபடி, துறைக்குப் போகும் பஸ்ஸுக்கு நடந்தார்கள்.

மாகிரட் பட்டறைக்குள் பாய்ந்தாள்.

"இஞ்சருங்கோ, உங்களுக்கு விசரே? மாரி உழவு துவங்கப் போகுது. மூதூராக்களும் கிண்ணியாக்காரரும் வராட்டிப் பட்டறையைப் பூட்டிப்போட்டுக் கடலைப் பார்த்துக்கொண்டு இருக்கிறதே? நாலு ஓட்டை போட அவ்வளவு பஞ்சியே?"

பேணாட் சிரித்தார். அது அவளுக்கு இன்னும் ஆத்திரத்தைக் கிளப்பியது. அந்த அலகைத் தேடி எடுத்து மூக்குக்கு நேரே நீட்டுவதென்று மூலையில் கிடந்த சாக்கை வெடுக்கென்று இழுத்தாள்.

சாக்குக்குள் அலகு இல்லை. சில்லுக்குப் பூட்டுகிற கால் ஒன்று இருந்தது. புத்தம் புதுசு. கிறீஸ் பூசி, மேலிருந்து கீழாக வடிவாக ஓட்டைகள் போட்டது.

"இது ஆற்றை சாமான்?"

"இப்ப போனவையின்ரதான்."

"செய்து வைச்சுக்கொண்டே குடுக்கேல்லை?"

பேணாட் வாசலை ஒருதரம் எட்டிப் பார்த்துவிட்டுக் குரலைத் தணித்தார்.

"அவையின்ர அக்கா, நஜ்முன் நிஸா ராத்தா, அழுதுகொண்டு வந்தவ, மாகிரட். மெசின் ரெண்டு பேருக்கும் பொது. பழைய சில்லில அண்ணன் குத்தின ஆணியைத் தம்பி மாத்த, தம்பி குத்தினதை அண்ணன் மாத்த, 'என்ட ஓட்டையை ஏன் தொட்டாய்' எண்டு துவங்கின சண்டை. பிறகு ரெண்டு பேரும் முகம் பார்க்கிறதில்லை. பெருநாளுக்கும் அந்த மனுசி ரெண்டு தரம் சோறு போட்டவ. பழைய சில்லு முறிஞ்சதும், 'மாத்தவே ஏலாத மாதிரி ஒண்டு செய்து தாங்க தம்பி' எண்டு கேட்டவ."

"இப்ப?"

"நேற்று ஆளனுப்பினவ. கனகாலத்துக்குப் பிறகு ரெண்டு பேரும் ஒரே சகன் தட்டில கை வைச்சுச் சாப்பிட்டவையாம். முதல் பிடியில இருந்து கை கழுவுமட்டும் என்னைத்தான் திட்டினவையாம். இந்தப் போகம் முடியுமட்டும் பொறுத்துக்கொள்ளட்டாம்."

மாகிரட்டுக்குச் சிரிப்பும் வந்தது, கண்ணும் கலங்கியது. தன் புருசனை நினைக்க நெஞ்சு நிறைந்துபோனது.

அந்த நேரம் பார்த்து தெருவில் பஸ்ஸுக்கு நின்ற ஹிஸ்புல்லா திரும்பிக் கத்தினார். "டேய் பேணாட்! அந்த அலகு எப்பதான் வரும்?"

மாகிரட் சட்டென்று அந்தப் புது இரும்புக் காலைச் சாக்கால் மூடினாள். கிறீஸ் கையைச் சீலையில் துடைத்துக்கொண்டு வாசலுக்கு ஓடினாள்.

"அது முறிஞ்சதை நானே என்ர கண்ணால பார்த்தனான் காக்கா! வேற அலகு வரப் போகம் முடிஞ்சிடும். வரேக்க ரெண்டு பேருமாய் வாங்கோ, சில்லு பாரம், தனிய ஒருத்தரால தூக்க ஏலாது!"