லீவரை விட்டால்

“லீவர விட்டா பிளேடு ஒடனே நின்னுடுங்களா பாய்?” அம்சவல்லி மறுபடியும் கேட்டாள்.

அமீனுல்லாவுக்கு எரிச்சல் வந்தது. வெள்ளைக்கார துரை விட்டுப்போன புல்வெட்டி வண்டி அது. உட்கார்ந்து ஓட்டுவது. அதைப் பழுது பார்க்க வந்தவர், சாய்த்துப் போட்டுக் காலையிலிருந்து மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். மலைமேல் இருக்கும் இந்த பங்களாவில் இப்படி ஒரு பயந்தாங்கொள்ளி இருப்பாள் என்று வாணியம்பாடியில் யாரும் சொல்லவில்லை.

“ஓட்றது உன் வூட்டுக்காரரு. அவரே கம்முனு கீறாரு, உனுக்கு இன்னாம்மா பயம்?”

அவள் பிளேடையே பார்த்தாள்.

பிளேடை இயக்கும் கிளட்ச் கழன்று வந்தது. அதன் லைனிங் பட்டை அடியோடு தேய்ந்து, தட்டு கருகி ஒட்டிக் கிடந்தது. லீவரை விட்ட பிறகும் பிளேடு சுற்றிக்கொண்டேதான் இருந்திருக்கும்.

“பாருய்யா, எப்படிக் கருகிக் கீதுன்னு.”

அவள் கணவன் தீர்த்தகிரி தட்டை வாங்கி விளிம்பைச் சுற்றி விரலால் தடவினான். முகம் என்னவோ மலைப்பக்கமே திரும்பியிருந்தது.

“சும்மா சும்மா லீவர இழுத்தா இப்படித்தான் ஆவும். எதுக்கு நிறுத்தி நிறுத்தி ஓட்டற?”

“கல்லு கெடக்குது பாய்.”

அமீனுல்லா புல்வெளியைப் பார்த்தார். ஒரு கல்கூட இல்லை. குடித்துவிட்டு ஓட்டுகிறானோ?

“மேனேஜர்கிட்ட ஒண்ணும் சொல்லிடாதீங்க பாய்.” அம்சவல்லி கையெடுத்துக் கும்பிட்டாள். “இவருக்கு வேல போனா வூட்டயும் காலி பண்ணணும். பொட்டப் புள்ளைங்கள வெச்சிக்கினு எங்க போவேன்?”

தட்டை உரசிச் சுத்தம் செய்து மாட்டிவிட்டு மாலை ஜீப்பில் இறங்கிவிடலாம் என்றுதான் நினைத்திருந்தார். அவள் நின்ற கோலம் மனதை என்னவோ செய்தது. பையிலிருந்த புது லைனிங்கை எடுத்து அளவாக வெட்டி, ஆணி அறைந்து பொருத்தினார்.

வண்டியை நிமிர்த்திக் கிளப்பி லீவரை இழுத்தார். பிளேடு சீறிக்கொண்டு சுற்றியது. விட்டார். சட்டென்று நின்றது. இஞ்சினை அணைத்தார்.

“பாத்தியாம்மா? இனிமே உன் வூட்டுக்காரருக்கு ஒண்ணும் ஆவாது.”

அம்சவல்லி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

“அவரு மேல உக்காந்திருக்காரு, அவருக்கு இன்னா ஆவப்போவுது? அவருக்குக் கண்ணு தெரியாது பாய். தகரத்தத் தட்டி வழி சொல்லிக்கினு, பிளேடுக்கு முன்னால நடக்கறவ நான்தான்.”