சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம்

இன்றைக்கு எப்படியாவது வண்டி போய்விட வேண்டும்.

அவன் சாவியை நீட்டினான். வந்தவர் கவனிக்கவில்லை. அவர் கண்ணெல்லாம் வண்டியின் மேலேயே இருந்தது.

சென்னியப்பன் என்று போனில் பெயர் சொல்லியிருந்தார். கோபியிலிருந்து மனைவியோடும் சின்ன மகளோடும் வந்திருந்தார். அவர் அனுப்பிய மெக்கானிக் நேற்றே ஓட்டிப் பார்த்து நல்ல வண்டி என்று சொல்லியாயிற்று. இருந்தாலும் மனுஷன் டயரைத் தட்டினார், பானெட்டைத் திறந்து மூடினார். ஹைபிரிட் வண்டி. பெட்ரோலிலும் ஓடும், பேட்டரியிலும் ஓடும். அதிகம் ஓடாதது. இதை இந்த விலைக்கு எவன் கொடுப்பான்? அவருக்கே சந்தேகம் வந்துவிட்டது.

"ஏனுங்க, எங்கியாச்சும் அடிபட்ட வண்டிங்களா?"

"வண்டிக்கு ஒண்ணும் ஆகலீங்க."

பொய் இல்லை. ஒரு கீறல்கூட விழவில்லை. பாழாய்ப்போன வண்டி.

மாடி ஜன்னல் சாத்தியிருந்தது.

போர்ட்டிகோவைப் பார்த்த ஜன்னல். அதற்குப் பின்னால் அவன் மனைவி கோதை இருந்தாள். ஆயுத பூஜையன்று சாத்தியவள், தை பிறந்தும் திறக்கவில்லை. கீழே இறங்குவதும் இல்லை. சாப்பாட்டுத் தட்டு மேலே போகும், பாதி அப்படியே திரும்பி வரும்.

ஒரே ஒரு தடவை வாய் திறந்தாள். அந்த வண்டி வாசலை விட்டுப் போகட்டும், நான் இறங்கி வருகிறேன் என்றாள்.

அதற்காகத்தான் சென்னியப்பன் கேட்டதற்கெல்லாம் தலையாட்டினான்.

சென்னியப்பனின் மனைவி மஞ்சள் பையைத் திறந்தாள். கற்பூரம் வந்தது. குங்குமம் வந்தது. பிறகு எலுமிச்சம்பழம்.

அவன் ஒரு எட்டு முன்னால் வைத்தான்.

"பழசுன்னாலும் நமக்குப் புதுசுதானுங்களே" என்று சிரித்தபடி, சக்கரத்துக்கு ஒன்றாக வைத்துக்கொண்டே போனாள்.

வேண்டாம் என்று சொல்லலாம். ஏன் என்று கேட்பார்கள். காரணத்தைச் சொன்னால் எந்தத் தாய் இந்த வண்டியில் பிள்ளையை ஏற்றுவாள்? வண்டி இங்கேயே நிற்கும். ஜன்னலும் இப்படியே இருக்கும்.

ஒதுங்கி வழிவிட்டான்.

சென்னியப்பன் ஏறி உட்கார்ந்தார். பட்டனை அழுத்தினார்.

எல்லோரும் காத்திருந்தார்கள்.

ஒன்றும் கேட்கவில்லை.

"ஸ்டார்ட்டே ஆகலீங்களே?" என்றார்.

ஆயுத பூஜையன்றைக்கும் இப்படித்தான். புது வண்டிக்கு மாலை போட்டு, சந்தனப் பொட்டு வைத்து, சக்கரத்தடியில் பழம் வைத்திருந்தார்கள். ஸ்டியரிங்கில் கோதை. பழைய டீசல் வண்டியின் உறுமலைக் கேட்டே பழகிய வீடு. பேட்டரியில் கிளம்பும் வண்டியில் சத்தம் வந்தால்தானே ஒதுங்குவார்கள்? வண்டி இன்னும் கிளம்பவில்லை என்றே சுற்றி நின்ற அத்தனை பேரும் நினைத்தார்கள்.

அவனுடைய மகன் முகிலும் அப்படித்தான் நினைத்தான். மூன்று வயது. உருண்டுபோன பழத்தை எடுத்து மறுபடி சக்கரத்தடியில் வைக்கக் குனிந்தான்.

அம்மாவுக்கு உதவி செய்தது, தங்கம்.

அவன் கார் கண்ணாடி வழியே உள்ளே பார்த்தான். டேஷ்போர்டில் பச்சை விளக்கு எரிந்துகொண்டிருந்தது. சென்னியப்பன் கியரைத் தள்ளிவிட்டுக் குழப்பத்தோடு காலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அவர் மகளைக் காணவில்லை.

முன்சக்கரத்துக்கு எதிரே குத்துக்காலிட்டு உட்கார்ந்து, பழத்தை விரலால் தள்ளி விளையாடிக்கொண்டிருந்தாள்.

"பிரேக்கு! பிரேக்க மிதிங்க!"

கத்தியது தான்தான் என்பதே அவனுக்குத் தெரியவில்லை. பாய்ந்து பிள்ளையை வாரித் தூக்கினான். வண்டி ஒரு முழம் நகர்ந்து நின்றது. பழம் நசுங்கியது.

அந்தச் சத்தம் மட்டும் எல்லோருக்கும் கேட்டது.

பிள்ளை வீறிட்டு அழுதது. அவன் விடவில்லை. தாய் ஓடிவந்து அவன் கையிலிருந்து பிரித்து எடுக்க வேண்டியிருந்தது.

சொல்லிவிட்டான். இதே வாசல், இதே சக்கரம், எங்கள் பையன் என்றான்.

அந்த அம்மாள் மகளை மார்போடு இறுக்கிக்கொண்டு கேட்டுக்கு வெளியே போய்விட்டாள். மீதிப் பழங்களைத் திரும்பியும் பார்க்கவில்லை. சென்னியப்பன் வண்டியை அணைத்துவிட்டு இறங்கினார். சாவியைப் பானெட்டின் மேல் வைத்தார். நல்ல மனுஷன், திட்டவில்லை.

கேட் வரைக்கும் போய் நின்றார். கேட்காமல் போக மனசு வரவில்லை போலும்.

"ஆருங்க ஓட்டுனது?"

இந்தக் கேள்வியை இதுவரை யாரும் கேட்டதில்லை. எல்லோருக்கும் தெரியும். துக்கம் விசாரிக்க வந்தவர்கள் அவள் காதுபடவே பேசினார்கள். பெத்தவளே ஏத்திட்டாளே என்றார்கள். அவனும் அங்கேதான் உட்கார்ந்திருந்தான். மறுத்து ஒரு வார்த்தை பேசவில்லை. அன்றைக்கும் பேசவில்லை, அதற்குப் பிறகும் பேசவில்லை.

இப்போது அண்ணாந்து பார்க்கவில்லை. மாடிக்குக் கேட்கட்டும் என்று உரக்கச் சொன்னான்.

"நாந்தானுங்க."

அவர் தலையைக் குனிந்துகொண்டு போனார்.

வண்டி அங்கேயே நின்றது.

மேலே, ஜன்னல் கொக்கி கழலும் சத்தம் கேட்டது.