விதிப்படி

பேருந்து நிறுத்தக் கரும்பலகையில் என் கணவர் நடத்திய பத்திரிகைக்கு ஒரே விதி: பார்த்தவரே எழுதி, பெயரும் போட வேண்டும். மணல் திருட்டுச் செய்தி வந்த வாரம் லாரி மோதி இறந்தார். அவர் தவறி விழுந்ததாக நாளிதழ்கள் எழுதின.

பலகை வெறுமையாக இருக்குமென்று நினைத்துத்தான் போனேன். மீன் விற்கும் செசிலி சாக்பீஸுடன் நின்றாள்.

"என் எழுத்து கோணலா இருக்கும் அண்ணி. அண்ணன் இருந்தா கிண்டல் பண்ணுவாரு."

லாரி வேண்டுமென்றே திரும்பியதைப் பார்த்தேன் என்று எழுதி, பெயர் போட்டாள். பின்னால் பெரிய வரிசை. பலகை நிரம்பியதும் வரிசையில் நின்றவர்கள் பேசிக்கொண்டார்கள்.

"அடுத்து போலீஸ் ஸ்டேஷன் சுவருதான்."

"அது வெள்ளைச் சுவராச்சே."

"அப்ப கரி எடுத்துட்டு வா."

ஸ்டேஷன் வாசல்வரை எழுத்து வந்தபோது கரி என் கைக்கு வந்தது. மோதியதை நான் பார்க்கவில்லை. பார்த்ததை எழுதினேன்: 'இவ்வளவு பேர் எழுதினார்கள்.' கீழே என் பெயர்.