பீரோவுக்கு அடியில்

"இது கறை இல்ல சார். கறைன்னா எதையாவது போட்டு எடுத்துடலாம். இது கருகல். கருகினதை யாராலயும் கழுவ முடியாது."

கம்பளம் சுத்தம் செய்ய வந்தவர் முட்டி போட்டபடியே சொன்னார். எதிரே நின்ற மருமகன் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தான். காலையில் சட்டைக்கு இஸ்திரி போடும்போது ஃபோன் அடித்தது. எடுக்கத் திரும்பிய நேரத்தில் பெட்டி மேஜையிலிருந்து கவிழ்ந்து, அதன் முனை கம்பளத்தைப் பொசுக்கிவிட்டது. உள்ளங்கை அகலத்துக்குக் கன்னங்கரேலென்று, அதுவும் கூடத்தின் நட்டநடுவில்.

வேறு யார் வீடாக இருந்தாலும் ஒரு மன்னிப்போடு போயிருக்கும். இது மாமனார் வீடு. காதல் கல்யாணம் என்பதால் மூன்று வருஷம் வாசல்படி ஏறவிடாதவர். மகள் மாசமாக இருக்கிறாள் என்று தெரிந்த பிறகுதான் மனம் இளகி, இரண்டு பேரையும் வந்து தங்கச் சொன்னார். சொன்னாரே தவிர, இன்றுவரை மருமகனிடம் நேராக ஒரு வார்த்தை பேசவில்லை. சாப்பிடச் சொல்லு, விளக்கை அணைக்கச் சொல்லு என்று எல்லாமே மகள் வழியாகத்தான். நான்கு நாள் முன்பு மனைவியையும் மகளையும் கூட்டிக்கொண்டு ஊருக்குப் புறப்பட்டபோதும், "வீட்டைப் பாத்துக்கச் சொல்லு" என்று சாவியை மகளிடம்தான் நீட்டினார். ஆனாலும் அந்தச் சாவி கைக்கு வந்ததில் மருமகனுக்குத் தலைகால் புரியவில்லை. ஒருவழியாக நம்மை நம்பிவிட்டார் என்று நினைத்தான். நினைத்து நாலே நாள்தான், இந்தக் கூத்து.

மனிதர் சாதாரணப்பட்டவரா? தொழிற்சாலையில் தரம் பார்க்கும் வேலையில் முப்பது வருஷம் பழுது கண்டுபிடித்தே ஓய்வு பெற்றவர். கம்பள விஷயத்தில் அவர் செய்யும் கெடுபிடி சொல்லி மாளாது. செருப்பு வாசலைத் தாண்டக் கூடாது. அவருடைய நாற்காலிக்கு முன்னால் யாரும் காலைத் தேய்த்து நடக்கக் கூடாது. வாரம் தவறாமல் அவரே குனிந்து தடவித் தடவிப் பார்ப்பார். பெற்ற பெண்ணைக்கூட இப்படித் தடவிக் கொடுத்ததில்லை என்று மாமியார் கேலி செய்வார்.

"நாலு மணிக்கு எல்லாரும் வந்துடுவாங்கண்ணே. எப்படியாவது காப்பாத்துங்க."

வந்தவர் அறையை ஒருமுறை சுற்றிப் பார்த்தார். வீட்டில் வேறு யாரும் இல்லையே என்று கேட்டுக்கொண்டார். பிறகு, வெட்டி ஒட்டிவிடலாம் என்றார். கருகிய இடத்தைச் சதுரமாக வெட்டி எடுத்துவிட்டு, மறைவான இடத்திலிருந்து அதே அளவுக்கு ஒரு துண்டு எடுத்து வைக்க வேண்டும். ரோமம் சாயும் திசை பார்த்து வைத்தால் நெய்தவனுக்கே அடையாளம் தெரியாது. சுவரோடு சுவராக விரித்த கம்பளம்தானே, பீரோவுக்கு அடியில் எடுத்தால் யார் பார்க்கப் போகிறார்கள்?

போன உயிர் பாதி திரும்பியது மருமகனுக்கு. விஷயம் வெளியே போகாதே என்று இரண்டு தடவை கேட்டான்.

"நாலு வீட்டுக்குள்ள போய்ட்டு வர்ற தொழில் சார். ஒரு வீட்டுல பாத்ததை வெளிய சொன்னா, என்னை எவன் கூப்பிடுவான்?"

பீரோவை இருவருமாகத் தள்ளினார்கள். மருமகன் மூச்சு வாங்கி நிமிர்வதற்குள் அவர் அந்த இடைவெளியில் குப்புறப் படுத்துவிட்டார். இங்கே நான் பார்த்துக்கொள்கிறேன், நீங்கள் போய் ஜன்னல்களைத் திறந்து ஃபேனைப் போடுங்கள் என்று அவனை விரட்டினார்.

வெட்டிய துண்டு மற்ற இடத்தைவிடக் கொஞ்சம் பளிச்சென்று இருந்தது. ஒட்டி முடித்து, மெஷினை வைத்துக் கூடம் முழுவதும் அலசி ஈரத்தை உறிஞ்சி எடுத்த பிறகு நிறம் ஒன்றாகிவிட்டது. மருமகன் மண்டியிட்டுத் தேடினான். எரித்தவனுக்கே இடம் தெரியவில்லை. சந்தோஷத்தில் அவனுக்குக் கண் கலங்கிவிட்டது.

மணி மூன்றரை. ஓரம் இன்னும் ஈரமாக இருக்கிறது, பத்து நிமிஷம் கழித்து பீரோவைத் தள்ளிவிடலாம் என்று சொல்லிவிட்டு அவர் பிரஷ்ஷால் ரோமத்தைச் சீவிக்கொண்டிருந்தார். அப்போதுதான் கதவு திறந்தது.

மாமனார் நின்றார். ரயில் முன்னதாகவே வந்துவிட்டது போலிருக்கிறது. மனைவியும் மகளும் கீழே மூட்டை முடிச்சுகளை இறக்கிக்கொண்டிருக்கும் சத்தம் கேட்டது. மாமனார் பிரஷ்ஷோடு உட்கார்ந்திருந்தவரைப் பார்த்தார். கோணலாக நின்ற பீரோவைப் பார்த்தார். முகம் வெளிறிவிட்டது.

தொலைந்தோம் என்று நினைத்தான் மருமகன். மூன்று வருஷம் காத்திருந்து கிடைத்தது மூன்று நிமிஷத்தில் போகப்போகிறது. இனி மறைத்துப் பிரயோஜனமில்லை, உண்மையைச் சொல்லிக் காலில் விழுந்துவிடலாம்.

"மாமா, வந்து... நான்..."

மாமனார் சத்தம் வராமல் கதவைச் சாத்தினார். செருப்பைக்கூடக் கழற்றாமல் ஈரக் கம்பளத்தில் விறுவிறுவென்று நடந்து வந்தார். மருமகனின் கையை இரண்டு கைகளாலும் பற்றிக்கொண்டார்.

"எல்லாத்தையும் இவர் சொல்லிட்டாரா?" கதவுப் பக்கம் ஒருமுறை திரும்பிப் பார்த்துக்கொண்டார். "போன வருஷம் ஒரே ஒரு சிகரெட்டுதான். நாற்காலியிலேயே கண் அசந்துட்டேன், கையிலேருந்து விழுந்து பொசுக்கிடுச்சு. பீரோவுக்கு அடியில வெட்டி எடுத்து இவர்தான் ஒட்டிக் கொடுத்தார். சிகரெட்டை விட்டு பத்து வருஷம் ஆச்சுன்னு அவ நம்பிக்கிட்டிருக்கா... உங்க அத்தைகிட்ட மட்டும் காட்டிக் கொடுத்துடாதீங்க, மாப்பிள்ளை."