பச்சை ஒயர்

"ஆயுத பூஜையன்னிக்கு அந்தக் கார் எங்கயும் போகலம்மா. ஓனர் வீட்டு வாசல்லயே நின்னுருக்கு. மோதாத வண்டிக்குக் கம்பெனி எப்படிப் பொறுப்பாகும்?" இன்சூரன்ஸ்காரர் புகைப்படத்தை நீட்டினார்.

மரகதம் வாங்கிப் பார்த்தாள். மூலையில் விபத்து நடந்த நாளின் தேதி. வெள்ளைக் காரின் முகப்பில் சந்தனப் பொட்டு. அவள் கண் காரைத் தாண்டி, பின்னாலிருந்த இரும்பு கேட்டில் போய் நின்றது. கேட்டில் ஒரு வாழைக்கன்று பச்சை ஒயரால் கட்டப்பட்டிருந்தது. சணல் கிடைக்காமல் அன்று காலை அவள் கணவன் தங்கதுரை கட்டியது. அவள் வீட்டு கேட் அது. கட்டிவிட்டு பைக்கில் போனவனைத்தான் பைபாஸில் அந்தக் கார் தூக்கியடித்தது. அன்றிலிருந்து உள்ளறையில் பேச்சில்லாமல் கிடக்கிறான்.

"இது எந்த இடம்னு தெரியுதாம்மா?" அவர் குரல் தணிந்திருந்தது.

உள்ளே கட்டில் கிறீச்சிட்டது.

"தெரியலங்க."

"நல்லதும்மா." படத்தை வாங்கிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு எழுந்தார்.

வாசல் கேட்டின் கொக்கி உள்பக்கம் தலைகீழாகத் தொங்கும். தபால்காரர்கூட இன்னும் தடவித்தான் கண்டுபிடிப்பார். இவர் வந்தபோது அவள்தான் திறந்துவிட்டாள். இப்போது அவர் போனில் பேசிக்கொண்டே, குனிந்துகூடப் பார்க்காமல், பல நாள் வந்துபோனவர்போல் ஒரு விரலால் அதை மாட்டிவிட்டுப் போனார்.