ரகசியச் சாவி

தங்கச்சிமடத்துச் சூசைமாணிக்கம் கொதித்துக்கொண்டே படகுப் பதிவு அலுவலகத்துக்குள் நுழைந்தார். கிளார்க் சண்முகவள்ளி பழக்கத்தில் எழுந்து நின்றாள்.

“என் வள்ளத்தைப் பதிய முடியாதுன்னு மெயில் வந்திருக்கு. அனுப்புனவன் பேரு இல்ல. கீழ ஏதோ புரியாத எழுத்தாக் கெடக்கு. எந்த மடையன்மா அனுப்புனான்?”

“அதுதான் சார் டிஜிட்டல் கையெழுத்து. யாருன்னு இப்பப் பாத்துரலாம்.”

கறுப்புத் திரையில் அவள் ஒரு கட்டளையைத் தட்டினாள். ‘கையெழுத்து செல்லும். ஒப்பமிட்டவர்: சூசைமாணிக்கம்’ என்று வந்தது.

“ஏம்மா, நான் ரிட்டயராகி வருசம் ஒண்ணாச்சே!”

“சார்ஜ் ஒப்படைக்கையில பீரோ சாவியோட, இந்தக் கையெழுத்தைப் போடுற ரகசியச் சாவி, பாஸ்வேர்டு எல்லாத்தையும் நீங்கதான சார் குடுத்துட்டுப் போனீங்க? புது ஆபீசரும் அதைத்தான் வச்சிருக்காரு.”

“மொதல்ல அதை ரத்து பண்ணு!”

“மனு குடுங்க சார். ஆபீசர் பாத்து முடிவு சொல்லுவாரு.”

சூசைமாணிக்கம் அங்கேயே உட்கார்ந்து மனு எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார்.

மறுநாளே பதில் மெயில் வந்தது: ‘சாவி நல்ல நிலையில் இயங்குவதால், தங்கள் மனு நிராகரிக்கப்படுகிறது.’

கீழே, அவருடைய கையெழுத்து.